ஃப்ரீடொஸ்: பழைய டொஸ் போலவே நடக்கும் ஓர் இயங்குதளத்தை எழுதுவதும் பிழை பிடிப்பதும்

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் மடிக்கணினி விலைப்பட்டியல் ஒன்றை வாங்கிப் பார்த்தால், சில மொடல்களுக்குப் பக்கத்தில் 'ஃப்ரீடொஸ்' என்று போட்டிருப்பதைக் காணலாம். விண்டோஸ் போட்ட மெஷினைவிட விலை கொஞ்சம் குறைவாக இருக்கும். "உள்ளே ஒன்றும் இல்லை, விண்டோஸை நீங்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும்" என்பார் கடைக்காரர். வாங்குகிறவரும் சரி என்று எடுத்துக்கொண்டு போவார்.

உள்ளே ஒன்று இருக்கத்தான் செய்கிறது. பல நாடுகளில் உள்ள தன்னார்வலர்கள் முப்பது வருடங்களுக்கு மேலாக எழுதியும் திருத்தியும் வரும் ஒரு முழு இயங்குதளம் அது. (பள்ளிக்கூடப் புத்தகத்தில் பணிசெயல் முறைமை என்று படித்திருப்பீர்கள்.) மூலநிரல் முழுவதும் திறந்தே கிடக்கிறது. உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் படித்து, சி மொழியில் நாலு புரோகிராம் எழுதிப் பார்த்த பிள்ளை ஒருவர் "இயங்குதளம் என்றால் உள்ளே என்னதான் நடக்கிறது?" என்று கேட்டால், நான் முதலில் காட்டுவது இதைத்தான். லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னல், அதாவது மையப் பகுதி, கோடிக்கணக்கான வரிகளாக வளர்ந்துவிட்டது. எங்கே தொடங்குவது என்றே தெரியாது. ஃப்ரீடொஸ் கெர்னலை ஒரு மனிதர் உட்கார்ந்து முழுதாகப் படித்து முடிக்கலாம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டொஸ் என்பது கட்டளைகளைத் தட்டச்சுச் செய்து கணினியை நடத்தும் பழைய இயங்குதளம்; மைக்ரோசொப்டின் டொஸ்தான் எம்எஸ்-டொஸ். 1994இல், தனியான எம்எஸ்-டொஸுக்கு இனி எதிர்காலம் இல்லை, எல்லாம் விண்டோஸ்தான் என்று மைக்ரோசொப்ட் காட்டத் தொடங்கியிருந்தது. அமெரிக்காவில் விஸ்கொன்சின் மாநிலத்தில் பௌதிகவியல் படித்துக்கொண்டிருந்த ஜிம் ஹோல் என்ற மாணவருக்கு அது பொறுக்கவில்லை. அந்த வருடம் ஜூன் 29ஆம் திகதி, எல்லோருக்கும் பொதுவான ஒரு டொஸை நாமே எழுதுவோம் என்று அறிவித்தார். பட் வில்லானி தான் முன்பே எழுதிவைத்திருந்த கெர்னலைக் கொடுத்தார். டிம் நோர்மன் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் கொமாண்ட் புரோகிராமை எழுதினார். 1.0 பதிப்பு வெளிவந்தது 2006 செப்டம்பர் 3இல். 1.4 பதிப்பு 2025 ஏப்ரலில் வந்தது.

1.0 பதிப்புக்கே பன்னிரண்டு வருடம். இவ்வளவு சின்ன இயங்குதளத்துக்கு ஏன் அவ்வளவு காலம் என்று தோன்றும். 'இணக்கம்' என்ற ஒன்றுதான் காரணம். புதிதாக ஓர் இயங்குதளம் எழுதினால் அதன் சட்டத்தை நாமே எழுதிக்கொள்ளலாம். டொஸ்-இணக்கம் என்று சொல்லிவிட்டால் சட்டம் நம் கையில் இல்லை. இருபது, முப்பது வருடங்களுக்கு முன் யாரோ எழுதிய புரோகிராம் எதை எதிர்பார்க்கிறதோ அதுதான் சட்டம்.

புறக்கோட்டை மொத்த வியாபாரக் கடை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளில் யாரோ எழுதிக்கொடுத்த பில் போடும் புரோகிராம் இன்னும் ஓடுகிறது. எழுதினவர் எப்போதோ வெளிநாடு போய்விட்டார். மூலநிரல் யாரிடமும் கிடையாது. டொட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி பில் அடிக்கிறது. கணக்குப்பிள்ளைக்கு விசைப்பலகையைப் பார்க்காமலே பழகிவிட்டது. பழைய மெஷின் செத்துப்போனால் அந்தப் புரோகிராமைத் திருத்தி எழுத ஆள் இல்லை. அது மாறாது, அதற்குக் கீழே இருப்பதுதான் அதற்கேற்ப நடந்துகொள்ள வேண்டும்.

21ஆம் கதவு

டொஸ் புரோகிராம் ஒன்று இயங்குதளத்திடம் எப்படி வேலை கேட்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி விளங்கிவிடும்.

8086 வகைப் புரொசெசரில் நினைவகத்தின் முதல் 1024 பைட்டும் ஓர் அட்டவணை. அதில் 256 இடங்கள், ஒவ்வொன்றும் 4 பைட். ஒவ்வோர் இடத்திலும் ஒரு முகவரி இருக்கும். புரோகிராம் 'இன்ட் 21' (இன்ட் என்பது இன்டரப்ட்டின் சுருக்கம்) என்ற கட்டளையைக் கொடுத்தால், புரொசெசர் அந்த அட்டவணையில் 21ஆம் இடத்தைப் பார்த்து, அங்கே எழுதியிருக்கும் முகவரிக்குத் தாவும். இந்த 21 பதினறும எண், அதாவது பதினாறை அடியாகக் கொண்ட எண். நம் சாதாரணக் கணக்கில் 33. ஆகவே பார்க்கும் இடம் 33 பெருக்கல் 4, அதாவது 132ஆவது பைட். எம்எஸ்-டொஸ் தொடங்கும்போது அந்த இடத்தில் தன் முகவரியை எழுதிவைக்கும். ஃப்ரீடொஸ் தொடங்கும்போது தன்னுடையதை எழுதிவைக்கிறது. அந்தப் பக்கம் இருப்பது யார் என்று கேட்கும் தேவை சாதாரணப் புரோகிராமுக்கு இல்லை. மற்றொருவர் எழுதிய இயங்குதளத்தின் இடத்தில் இன்னொன்றை வைப்பது சாத்தியமாவதே இதனால்தான்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். ஃப்ரீடொஸில் 'டெபக்' என்ற பிழை தேடும் புரோகிராமின் பெயரை அடித்தால் ஒரு சிறு கோடு மட்டும் வந்து நிற்கும். 'ஏ 100' என்று கொடுத்துவிட்டு, ஒவ்வொரு வரியாக இதை அடியுங்கள்:

மூவ் டிஎல், 41
மூவ் ஏஎச், 2
இன்ட் 21
இன்ட் 20

பிறகு வெறும் என்டரை ஒரு தரம் அழுத்தி, 'ஜி' என்று கொடுங்கள். திரையில் ஆங்கிலப் பெரிய ஏ ஒன்று விழும். 41 என்பது அந்த எழுத்தின் எண். ஏஎச் ரெஜிஸ்டரில் (புரொசெசருக்குள் இருக்கும் சிறிய சேமிப்பிடம்) வைத்த 2 என்பது 'ஓர் எழுத்தைக் காட்டு' என்ற வேலையின் எண். கடைசியில் உள்ள இன்ட் 20 'முடிந்தது, என்னை விடு' என்று சொல்கிறது. 'யூ 100' என்று கொடுத்தால் இந்த நாலு வரியும் என்ன பைட்டுகளாக மாறியிருக்கின்றன என்று தெரியும்: பி2 41, பி4 02, சிடி 21, சிடி 20. மொத்தம் எட்டு பைட். இதுவே ஒரு முழு டொஸ் புரோகிராம்.

ஏன் 100இலிருந்து தொடங்குகிறோம்? புரோகிராம் ஒவ்வொன்றுக்கும் முன்னால் டொஸ் 256 பைட் நீளமான ஒரு தலைப்பகுதியை வைக்கிறது. 256ஐப் பதினறும எண்ணில் எழுதினால் 100. அந்தத் தலைப்பகுதியின் முதல் இரண்டு பைட்டும் என்ன தெரியுமா? சிடி 20. நாம் கடைசியில் எழுதிய அதே 'முடிந்தது' கட்டளைதான். சிறிய வகைப் புரோகிராம் ஒன்று தன் தொடக்கத்துக்கே திரும்பித் தாவினாலும் ஒழுங்காக முடிந்துவிடும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. இணக்கமான இயங்குதளம் இந்த இரண்டு பைட்டையும்கூட மறக்காமல் வைத்தாக வேண்டும்.

கெர்னலுக்குள்ளே போனால், இன்ட் 21 வந்து சேரும் இடத்தில் அசெம்பிளியில், அதாவது புரொசெசரின் கட்டளைகளையே நேரடியாக எழுதும் மொழியில், எழுதிய ஒரு சிறிய வாசல் இருக்கிறது. ரெஜிஸ்டர்களையெல்லாம் பத்திரப்படுத்தி, தன் சொந்த ஸ்டாக்குக்கு (வேலையின் நடுவில் தேவையானவற்றை அடுக்கிவைக்கும் நினைவக இடம்) மாறி, சி மொழியில் எழுதிய ஒரு பெரிய ஃபங்ஷனைக் கூப்பிடும். அங்கே நீளமான ஒரு 'சுவிட்ச்'. ஏஎச்சில் இருப்பது 2 என்றால் எழுத்தைக் காட்டு, 3டி என்றால் கோப்பைத் திற, 3எஃப் என்றால் படி, 40 என்றால் எழுது, 4பி என்றால் இன்னொரு புரோகிராமை ஓட்டு. பல்கலைக்கழகத்தில் 'சிஸ்டம் கோல்' என்று படமாகப் போட்டுக் காட்டுவதை இங்கே விரலால் தொட்டுப் பார்க்கலாம்.

சரியான விடையே பிழையாகும் இடம்

கேட்டதைச் செய்வது சுலபம். எதிர்பார்த்ததைச் செய்வதுதான் கஷ்டம். ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்போம்.

ஏஎச்சில் 36 வைத்து இன்ட் 21 கொடுத்தால், டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று டொஸ் சொல்லும். நேரடியாக பைட் கணக்கில் சொல்லாது. டிஸ்க் செக்டர் என்ற சிறு துண்டுகளாகவும், செக்டர்கள் சேர்ந்து கிளஸ்டர்களாகவும் பிரிக்கப்பட்டிருக்கும். டொஸ் நாலு எண்களைக் கொடுக்கும்: ஒரு கிளஸ்டருக்கு எத்தனை செக்டர், ஒரு செக்டருக்கு எத்தனை பைட், வெறுமையாக உள்ள கிளஸ்டர் எத்தனை, மொத்தக் கிளஸ்டர் எத்தனை. நாலும் 16 பிட் எண்கள். புரோகிராம்தான் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

அந்தக் காலத்தில் டிஸ்க் சின்னது. பெருக்கி வந்த விடையைப் பலர் 32 பிட் குறியுள்ள (கூட்டல், கழித்தல் இரண்டும் வரக்கூடிய) எண்ணில் வைத்தார்கள். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 2,147,483,647. இரண்டு ஜிகாபைட்டுக்கு ஒன்று குறைவு. இப்போது நீங்கள் பெரிய டிஸ்க்கில் ஃப்ரீடொஸைப் போட்டு, மூன்று ஜிகாபைட் இடம் காலியாக இருக்கிறது என்று வையுங்கள். உண்மையான விடை 3,221,225,472. அதை அந்தக் குறியுள்ள எண்ணில் திணித்தால் கழித்தல் 1,073,741,824 ஆகிவிடும். பழைய இன்ஸ்டோல் புரோகிராம் பார்க்கிறது: எனக்கு ஐந்து மெகாபைட் வேண்டும், இங்கே இருப்பதோ பூச்சியத்தைவிடக் குறைவு. 'டிஸ்க்கில் இடம் போதாது' என்று சொல்லி நின்றுவிடுகிறது.

இயங்குதளம் செய்த பிழை என்ன? ஒன்றுமில்லை. உண்மையைச் சொன்னது. ஆனாலும் பாவனையாளருக்கு வேலை நடக்கவில்லை. அதனால் பெரிய டிஸ்க்குகளில் இந்தப் பழைய கேள்விக்கு டொஸ் வேண்டுமென்றே இரண்டு ஜிகாபைட்டுக்கு மேற்படாத ஒரு விடையைத்தான் சொல்ல வேண்டும். மைக்ரோசொப்டின் பிந்திய டொஸும் அப்படித்தான் செய்தது. உண்மையான அளவு வேண்டுமென்றால் ஃபாட்32 என்ற, பெரிய டிஸ்க்குகளுக்கான கோப்பு முறை தெரிந்த புதிய புரோகிராம்கள் கேட்பதற்கு வேறு ஒரு புதிய கேள்வி தனியாக இருக்கிறது. பழையவருக்குப் பழைய விடை, புதியவருக்குப் புதிய விடை.

இந்த வேலையின் இயல்பு முழுவதும் இந்த ஒரு உதாரணத்தில் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். கையேட்டைப் பார்த்து எழுதினால் அரைவாசித் தூரம்தான் வரலாம். மிச்சத் தூரத்தை, உடைந்துபோன புரோகிராம்கள் ஒவ்வொன்றாக வந்துதான் காட்டித்தர வேண்டும்.

கையேட்டில் இல்லாதவையும் உண்டு. ஏஎச்சில் 52 வைத்துக் கேட்டால் டொஸ் தன் உள் அட்டவணைகளின் முகவரியைக் கொடுத்துவிடும். மைக்ரோசொப்ட் இதை வெளியே சொல்லவில்லை. ஆனால் டிஸ்க் கருவிகள், நினைவகக் கருவிகள், நெட்வொர்க் டிரைவர்கள் எழுதியவர்கள் இதைக் கண்டுபிடித்துத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். ரால்ஃப் பிரவுன் என்பவர் திரட்டிய இன்டரப்ட் பட்டியல் இந்த வகைச் சங்கதிகளுக்கு இன்றைக்கும் பெரிய ஆதாரம். விளைவு என்ன? கெர்னலுக்குள்ளே நான் எந்த மாறியை எங்கே வைத்தால் யாருக்கு என்ன என்று இருக்க முடியாது. அந்த முகவரிக்கு இரண்டு பைட் முன்னால் முதல் நினைவகத் துண்டின் இடம் எழுதியிருக்க வேண்டும் என்றால் எழுதியிருந்தே ஆக வேண்டும். ஒரு பைட் தள்ளிப்போனாலும் எங்கோ ஒரு பழைய கருவி குப்பையைப் படித்துவிட்டு உறைந்துபோகும்.

எம்மும் இசட்டும்

நினைவகத்தை டொஸ் எப்படிப் பங்கிடுகிறது என்பதையும் பார்த்துவிட்டால், பிழை பிடிக்கும் கதைக்குள் போகலாம்.

சாதாரண டொஸ் புரோகிராம்களுக்குக் கிடைப்பது 640 கிலோபைட். அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் 16 பைட் நீளமான ஒரு சீட்டை டொஸ் ஒட்டிவைக்கிறது. சீட்டின் முதல் பைட் ஓர் ஆங்கில எழுத்து: எம் என்றால் இதற்குப் பின்னாலும் துண்டு உண்டு, இசட் என்றால் இதுதான் கடைசி. அடுத்த இரண்டு பைட் இந்தத் துண்டின் சொந்தக்காரர் யார் என்று சொல்லும். அதற்கடுத்த இரண்டு பைட் துண்டின் நீளம். நீளத்தைக் கூட்டிக்கொண்டே போனால் அடுத்த சீட்டு வரும். கொழும்புக் கோட்டையிலிருந்து கரையோரமாகப் போகும் ரயில் போல: பெட்டியோடு பெட்டி கொளுவியிருக்கிறது, நடுவில் ஒரு கொளுக்கி கழன்றால் பின்னால் உள்ள அத்தனை பெட்டியும் தண்டவாளத்திலேயே நின்றுவிடும்.

கொளுக்கி எப்படிக் கழலும்? டொஸில் ஒரு புரோகிராமின் நினைவகத்துக்கும் இன்னொன்றினுடையதற்கும் நடுவில் சுவர் கிடையாது. ஒரு புரோகிராம் தன் எல்லையை மீறி ஒரே ஒரு பைட் அதிகமாக எழுதினால் போதும், அடுத்த சீட்டின் எம் அழிந்துவிடும். அந்தக் கணத்தில் ஒன்றும் நடக்காது. புரோகிராம் நன்றாக ஓடும், பில் அடிக்கும், கோப்பைச் சேமிக்கும். அது முடிந்து, அடுத்த புரோகிராமுக்கு இடம் ஒதுக்க டொஸ் இந்தச் சங்கிலியில் நடந்துபோகும்போதுதான் எம்மும் இல்லாத, இசட்டும் இல்லாத ஒரு சீட்டில் தடுக்கி விழும். நினைவகம் கெட்டுவிட்டது என்று செய்தி வரும், மெஷின் நின்றுபோகும். தவறு செய்தவர் போய்விட்டார். விழுந்து கிடப்பது கெர்னல். பார்க்கிறவர் கெர்னலைத்தான் குறை சொல்வார்.

பிழை பிடிப்பது

விண்டோஸிலோ லினக்ஸிலோ நீங்கள் எழுதிய புரோகிராம் தவறான இடத்தில் கை வைத்தால், கீழே இருக்கும் இயங்குதளம் பிடித்து நிறுத்தி, எந்த வரியில் விழுந்தது என்று காட்டும். இங்கே பிழை இருப்பது இயங்குதளத்துக்குள்ளேயே. கீழே பிடிக்க யாரும் இல்லை. சாதாரணமாக நாம் செய்வது போல நடுவில் ஒரு செய்தியைத் திரையில் அச்சடித்துப் பார்க்கலாம் என்றால், அதற்கும் இன்ட் 21தான் வேண்டும். டொஸ் ஒரு வேலையின் நடுவில் இருக்கும்போது மறுபடியும் அதையே கூப்பிட்டால், முதல் வேலையின் ஸ்டாக்கின் மேல் இரண்டாவது வேலை ஏறி உட்கார்ந்துவிடும். பார்க்கப்போனதாலேயே புதிதாக ஒரு பிழை உண்டாகும். டெபக் புரோகிராமும் தன் எழுத்துகளைக் காட்ட டொஸையே நம்பியிருந்தால் இதே தொல்லைதான்.

அதனால் மெஷினையே வெளியிலிருந்து பார்க்கிறோம். கியூஇஎம்யூ, பொக்ஸ் போன்ற எமுலேட்டர்கள் ஒரு முழுக் கணினியைப் புரோகிராமாகவே நடித்துக் காட்டுகின்றன. அதற்குள் ஃப்ரீடொஸை ஓடவிட்டு, வெளியே லினக்ஸில் உட்கார்ந்து எந்தக் கணத்திலும் நிறுத்தலாம். கியூஇஎம்யூவைத் தொடங்கும்போது சின்ன எஸ், பெரிய எஸ் என்ற இரண்டு தெரிவுகளையும் கொடுத்தால், அது முதல் கட்டளைக்கு முன்பே உறைந்து நின்று, ஜிடிபி என்ற பிழை தேடும் கருவி (டெபகர்) வந்து இணையும்வரை 1234ஆம் போர்ட்டில் காத்திருக்கும்.

ஓட்டத்தை நிறுத்திப் பார்க்கும் முதல் தரிப்பிடம் எங்கே வைப்பது என்றால், நான் எப்போதும் சொல்வது 7சி00. கணினி தொடங்கியதும் பயோஸ் (மெஷினோடு சிப்பில் வரும் தொடக்கப் புரோகிராம்) டிஸ்க்கின் முதல் செக்டரை, 512 பைட்டை மட்டும், நினைவகத்தில் அந்த இடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கே தாவுகிறது. செக்டரின் கடைசி இரண்டு பைட் 55 ஏஏ என்று இருக்கும். அது இல்லாவிட்டால் இது தொடங்கக்கூடிய டிஸ்க் இல்லை என்று பொதுவாக பயோஸ் விட்டுவிடும். அந்த 512 பைட்டுக்குள்ளே கெர்னல் கோப்பைத் தேடிக் கண்டுபிடித்து ஏற்றும் புத்தி முழுவதும் அடங்கியிருக்கிறது. கெர்னலை ஏற்றும் இடம் 600. அதற்குக் கீழே ஏன் இல்லை? முதல் 1024 பைட்டில் இன்டரப்ட் அட்டவணை, அடுத்த 256இல் பயோஸின் குறிப்புகள், அதற்கடுத்த 256 டொஸுக்கும் பயோஸுக்கும் பொதுவான துண்டு. கூட்டினால் 1536. பதினறும எண்ணில் அதுதான் 600.

புதிதாக வருகிறவர்கள் ஜிடிபியில் இடறுகிற ஓர் இடம் உண்டு. இந்தப் பழைய முறையில் முகவரி இரண்டு பாகம்: செக்மென்ட், ஆஃப்செட். செக்மென்டைப் பதினாறால் பெருக்கி ஆஃப்செட்டைக் கூட்டினால்தான் உண்மையான இடம். ஜிடிபிக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆஃப்செட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வேறெங்கோ உள்ள பைட்டுகளைக் கட்டளைகள் என்று காட்டும். செக்மென்ட் 0070, ஆஃப்செட் 0123 என்றால் 0700உடன் 0123ஐக் கூட்டி, 0823 என்று நாமே கொடுக்க வேண்டும். பதினறும எண்ணில் பதினாறால் பெருக்குவது என்றால் பின்னால் ஒரு பூச்சியம் சேர்ப்பதுதான், ஆகவே பழகிவிடும்.

எந்த முகவரியில் எந்த ஃபங்ஷன் இருக்கிறது என்று அறிய, கெர்னலைக் கம்பைல் செய்யும்போது லிங்கர் (கம்பைல் செய்த துண்டுகளை இணைக்கும் கருவி) எழுதிவைக்கும் வரைபடக் கோப்பு உதவும். ஃப்ரீடொஸ் கெர்னலை ஓபன் வொட்கொம் கம்பைலரில் கட்டலாம். அசெம்பிளிப் பகுதிகளுக்கு நேஸ்ம். இன்னொன்றும் கவனியுங்கள்: வெளியிடப்படும் கெர்னல் கோப்பு பெரும்பாலும் யூபிஎக்ஸ் என்ற கருவியால் சுருக்கப்பட்டிருக்கும். சுருக்காமல் கட்டிய கெர்னலை வைத்துக்கொண்டு பிழை தேடுங்கள்.

தரிப்பிடம் வைத்து வைத்துப் போவதைவிடச் செய்தி அச்சடித்துப் பார்ப்பதே சில நேரம் விரைவு. அதற்கும் வழி உண்டு. பொக்ஸில் ஈ9 என்ற போர்ட்டுக்கு ஓர் எழுத்தை அனுப்பினால், அது எமுலேட்டரின் வெளித்திரையில் வந்து விழும். கியூஇஎம்யூவிலும் இதற்கொரு தெரிவு இருக்கிறது. டொஸும் பயோஸும் இதில் சம்பந்தப்படவே இல்லை என்பதால், கெர்னலின் எந்த மூலையிலும் பயமில்லாமல் போடலாம். நிஜ மெஷினில் இந்த வசதி கிடையாது. அங்கே சீரியல் போர்ட்டுக்கு எழுதி, கேபிள் வழியாக இன்னொரு கணினியில் பார்ப்பார்கள்.

டிஸ்க் சம்பந்தப்பட்ட பிழை என்றால் இமேஜ் கோப்பில் (டிஸ்க்கின் முழு நகலான கோப்பு) மட்டும் வேலை செய்யுங்கள். 1.44 மெகாபைட் ஃபுளொப்பியின் இமேஜ் 1,474,560 பைட். ஒவ்வொரு சோதனைக்கும் புதுப் பிரதி எடுத்து, ஓட்டியபின் பழையதோடு பைட் பைட்டாக ஒப்பிட்டால், கெர்னல் எங்கே எதை எழுதியது என்று அப்பட்டமாகத் தெரியும்.

இதற்கெல்லாம் முன்பு செய்ய வேண்டிய சின்ன வேலை ஒன்று இருக்கிறது. தொடங்கும்போது எஃப்8 விசையை அழுத்தினால், ஆரம்ப அமைப்புக் கோப்பின் ஒவ்வொரு வரியையும் நிறைவேற்றவா என்று ஃப்ரீடொஸ் கேட்கும். எஃப்5 என்றால் எல்லாவற்றையும் தாண்டிவிடும். நினைவக மேலாளர், சிடி டிரைவர், மௌஸ் டிரைவர் எல்லாம் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். பிழை மறைந்துவிட்டால், ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். பெரிய டெபகர் எதுவும் இல்லாமலே பல பிழைகள் இந்த இடத்திலேயே அகப்பட்டுவிடும்.

அடுத்த கேள்வி: அதே புரோகிராம் எம்எஸ்-டொஸில் எப்படி நடக்கிறது? இணக்கம் என்பதற்கு அளவுகோல் அதுதான். அங்கேயும் உடைந்தால் குறை ஃப்ரீடொஸில் இருக்க வாய்ப்புக் குறைவு. டர்போ பாஸ்கல் என்ற கம்பைலரில் எழுதிய பழைய புரோகிராம்கள் புதிய மெஷினில் தொடங்கியவுடனே '200ஆம் பிழை' என்று சொல்லி நின்றுவிடுவதைப் பலர் பார்த்திருப்பார்கள். அந்தப் புரோகிராம் தொடங்கும்போது, மணிக்கூட்டின் ஒரு துடிப்புக்குள், அதாவது சுமார் 55 மில்லி செக்கனுக்குள், புரொசெசர் எத்தனை தரம் சுற்ற முடிகிறது என்று எண்ணி, அதை 55ஆல் வகுத்து வைத்துக்கொள்ளும். புரொசெசர் வேகமாகிவிட்டதால் எண்ணிக்கை பெரிதாகி, வகுத்த விடை 16 பிட்டில் அடங்காமல் போகிறது. புரொசெசர் அதை வகுத்தல் பிழை என்று அறிவிக்கிறது. எம்எஸ்-டொஸிலும் அப்படியே விழும். திருத்த வேண்டியது அந்தப் புரோகிராமைத்தான். அல்லது எமுலேட்டரின் வேகத்தைக் குறைக்கலாம்.

எம்எஸ்-டொஸின் நடத்தையை ஒப்பிடலாம் சரி, அதன் மூலநிரலைப் பார்த்து எழுதலாமா? நீண்ட காலமாக, கூடாது என்பதுதான் விடை. 2014இல் 1.25, 2.0 பதிப்புகளின் மூலநிரல் அமெரிக்கக் கணினி வரலாற்று அருங்காட்சியகம் வழியாக வெளிவந்தபோதும் உரிமம் கடுமையாக இருந்தது. பார்த்துவிட்டு ஃப்ரீடொஸில் எழுதினால் சட்டச் சிக்கல் வரலாம். 2018இல் அதே பதிப்புகளும் 2024 ஏப்ரலில் 4.00 பதிப்பும் எம்ஐடி உரிமம் என்ற தாராளமான உரிமத்தில் வந்தபின் நிலைமை தளர்ந்திருக்கிறது. இருந்தாலும் ஃப்ரீடொஸ் கெர்னல் நடப்பதில் பெரும்பகுதி, வெளியிலிருந்து தட்டிப் பார்த்து, சின்னச் சின்னச் சோதனைப் புரோகிராம்கள் எழுதி, விடையைக் குறித்துக்கொண்டு கற்றதுதான். அந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

கொழும்பிலிருந்து ஒருவர் இதில் சேரலாமா என்றால், தாராளமாக. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு சில நாட்களுக்குள் இங்கே தன்னார்வலர்கள் கூடி எழுதத் தொடங்கிய 'சஹானா' என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருள், அடுத்த வருடமே பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போது பயன்பட்டது. திறந்த மூலநிரல் வேலை இந்த ஊருக்குப் புதிதில்லை. அதுவும் டொஸ் வேலைக்குப் புது மெஷின் தேவையில்லை, வேகமான இணையம் தேவையில்லை. கெர்னலைச் சில நிமிடங்களில் கட்டிவிடலாம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள்: பயோஸ் முறையே இல்லாத புதிய மடிக்கணினிகளில் ஃப்ரீடொஸ் நேரடியாகத் தொடங்காது. 'ஃப்ரீடொஸ்' என்று விற்கும் சில மெஷின்களில்கூட உள்ளே சின்ன லினக்ஸ் ஒன்று ஏறி, அதற்குள் எமுலேட்டரில்தான் ஃப்ரீடொஸ் ஓடுகிறது. எமுலேட்டரில் தொடங்குவதே நல்லது.

கெர்னலில் கை வைப்பதற்கு முன், நல்ல பிழை அறிக்கை ஒன்று எழுதிப் பழகுங்கள். 'வெர் /ஆர்' என்று கொடுத்தால் கெர்னலின் பதிப்பு வரும். அதை அப்படியே எழுதுங்கள். ஆரம்ப அமைப்புக் கோப்புகளையும் சேர்த்து அனுப்புங்கள். எமுலேட்டரா நிஜ மெஷினா, எம்எஸ்-டொஸில் என்ன நடக்கிறது, எஃப்5 அழுத்தித் தொடங்கினால் என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள். பெரிய பில் புரோகிராமைத் தூக்கி அனுப்ப வேண்டாம். அது எந்த இன்ட் 21 அழைப்பில் விழுகிறது என்று கண்டுபிடித்து, மேலே டெபக்கில் அடித்தது போல அந்த ஒரு அழைப்பை மட்டும் செய்யும் பத்து, இருபது பைட் புரோகிராமாகச் சுருக்கி அனுப்புங்கள். திருத்துகிறவருக்கு அதைவிட உதவியானது எதுவும் இல்லை. அப்படிச் சுருக்கிக்கொண்டு போகும்போதே, பிழை எந்த வரியில் இருக்கிறது என்பது பல நேரம் உங்களுக்கே தெரிந்துவிடும்.